பயிற்சியில் இருப்பவரிடம் மனம் திறக்கலாமா?

ஆலோசனை மையத்துக்கு முதல்முறை வரும் மாணவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பையை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை. எதிரில் இருப்பவர் தன் பெயரைச் சொல்கிறார். அப்புறம், "நான் மருத்துவ உளவியல் படிச்சுக்கிட்டிருக்கேன், இங்க பயிற்சியில இருக்கேன். நான் செய்யற வேலையை என் மேற்பார்வையாளர் வாராவாரம் பார்ப்பாங்க" என்கிறார். மாணவி தலையாட்டுகிறாள். 'இவங்களே இன்னும் படிக்கிறாங்களா? இவங்ககிட்டயா சொல்றது?' என்று மனதில் ஓடுவது முகத்திலேயே தெரிகிறது.

அது நியாயமான கேள்வி. வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வந்தவளுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. "அதெல்லாம் நல்லா பார்த்துப்பாங்க" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது பதிலாகாது. எதிரில் இருப்பவர் எந்த வழியாக இங்கே வந்தார், இங்கே என்ன செய்கிறார், அவர் தவறவிட்டால் யார் பிடிப்பார்கள் என்றெல்லாம் தெரிந்தால்தான், நம்புவதா வேண்டாமா என்று அவளே முடிவெடுக்க முடியும். என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பயிற்சியில் இருப்பவரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. யாருடைய கண்ணிலும் படாமல் தனியாக வேலை செய்பவரிடம் போகத்தான் யோசிக்க வேண்டும், அவருக்கு எத்தனை வருட அனுபவம் இருந்தாலும்.

வந்த வழி

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்துவிட்டு மனநலத்தைத் தனித்துறையாக எடுத்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் படிப்பு வழியாக வருபவர். மனநலச் சிக்கல்களை மதிப்பிடவும் பேச்சுவழிச் சிகிச்சை தரவும் பயின்றவர். பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுதுவது அவர் வேலையில்லை. 'கவுன்சலர்' என்ற சொல்தான் வழுக்குகிறது. முறையாகப் பல ஆண்டுகள் பயின்றவரும் அந்தப் பெயரில் இருக்கிறார், சில நாள் வகுப்போடு பலகை மாட்டியவரும் அதே பெயரில் இருக்கிறார்.

மருத்துவ உளவியல் பயிற்சி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் உளவியல் பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு முனைவர் படிப்பு. அமெரிக்காவில் முனைவர் படிப்போடு ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப். இந்தியாவில் நெடுங்காலமாக இருந்து வந்தது, முதுகலை முடித்தபின் இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த நிறுவனத்தில் இரண்டு ஆண்டு எம்.ஃபில். பெயர்கள் வேறாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வகுப்பும் ஆய்வேடும் ஒரு பக்கம். மறுபக்கம், பல வகையான இடங்களில் மாறி மாறிப் பணி. மனநல வார்டில் சில மாதம், அப்புறம் குழந்தைகள் பிரிவு, போதை மீட்புப் பிரிவு, நரம்பியல் பிரிவு. மாணவர் ஆலோசனை மையம் அந்த வரிசையில் வரும் ஓர் இடம். ஆக, மாணவியின் எதிரில் இருப்பவர் போன மாதம் வரை ஒரு வார்டில் கேஸ் ஹிஸ்டரி எழுதிக்கொண்டிருந்தவராக இருக்கலாம்.

இந்தத் துறையின் முதல் கேஸே ஒரு மாணவன்தான். 1896 மார்ச்சில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த லைட்னர் விட்மரிடம் ஒரு பள்ளி ஆசிரியை 14 வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார். புத்திசாலிப் பையன், ஆனால் எழுத்துக்கூட்டி எழுத மட்டும் வரவே இல்லை. விட்மர் சோதித்துப் பார்த்ததில் அவனுக்குப் பார்வைக் கோளாறு இருப்பது தெரிந்தது. கண்ணாடி போட்டார்கள். அதோடு விடாமல் தனியாக உட்கார வைத்துச் சொல்லியும் கொடுத்தார்கள். உலகின் முதல் உளவியல் கிளினிக் அந்த ஆண்டு அங்கேதான் தொடங்கியது. 1907-இல் 'கிளினிக்கல் சைக்காலஜி' என்று விட்மர் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கண்ணாடி. 'சோம்பேறி', 'மண்டையில் ஏறாது' என்று முடிவு கட்டாமல், ஏன் வரவில்லை என்று ஒருவர் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். பயிற்சிக் காலம் முழுக்கக் கற்றுக்கொள்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

இன்னொரு திருப்பம் 1949-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, மனக்காயத்தோடு திரும்பிய படைவீரர்களைப் பார்க்க அமெரிக்காவில் ஆட்கள் போதவில்லை. புதிதாக வருபவர்களை எப்படிப் பயிற்றுவிப்பது என்று கொலராடோவின் போல்டர் நகரில் கூடிப் பேசினார்கள். உளவியலாளர் சிகிச்சையும் தர வேண்டும், ஆய்வாளராகவும் இருக்க வேண்டும் என்பது அங்கே எடுத்த முடிவு. பல நாடுகளின் பாடத்திட்டத்தில் இன்றும் அந்த எண்ணம் இருக்கிறது. 'இவருக்கு நான் செய்வது உதவுகிறதா? உதவுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒவ்வொரு கேஸிலும் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

"கவனமே நிக்க மாட்டேங்குது"

மாணவர் ஆலோசனையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "படிக்க உட்கார்ந்தா கவனமே நிக்க மாட்டேங்குது." அக்கறையுள்ள யாரும் உடனே சொல்வது என்ன? டைம்டேபிள் போடு, போனைத் தள்ளி வை, காலையில் எழுந்து படி. சிலருக்கு அதுவே போதும். ஆனால் பயிற்சி உளவியலாளர் அறிவுரை சொல்லும் அந்த அவசரத்தைத் தள்ளிப்போடப் பழகியவர். அவர் கேள்விகள் வேறு பக்கம் போகும்.

எப்போதிலிருந்து இப்படி? ஆரம்பப் பள்ளியிலிருந்தே நோட்டைத் தொலைத்து, பாதியில் எழுந்து ஓடி, திட்டு வாங்கி வளர்ந்தவரா? கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஆண்டுதான் தொடங்கியது என்றால் வேறெதையோ தேட வேண்டும். தூக்கம் எப்படி? படுத்தும் வரவில்லையா, விடியும் முன்பே விழிப்பு வந்து மனம் கனக்கிறதா? முன்பு ஆசையாகச் செய்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? சமீபத்தில் யாராவது இறந்தார்களா? காதல் முறிந்ததா? விடுதியில் யாரும் தொல்லை கொடுக்கிறார்களா? கட்டணம் கட்டப் பணம் இருக்கிறதா? குடி, கஞ்சா? எப்போதும் அசதி என்றால் ரத்தசோகையும் தைராய்டும் கூடக் காரணமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி, எத்தனை செஷன் பேசினாலும் ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறாது.

வார்டில் இருந்த நாட்கள் கைகொடுப்பது இங்கேதான். "மூணு நாளா தூங்கவே இல்லை, ஆனா களைப்பே தெரியலை, தலைக்குள்ள ஐடியாவா கொட்டுது" என்று ஒரு மாணவன் சொன்னால் நண்பர்களுக்கு அது உற்சாகமாகப் படும். மனச்சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசியவருக்கு உடனே உள்ளே மணி அடிக்கும். அந்த மாணவன் சில மாதங்களுக்கு முன் மனச்சோர்வோடு வந்திருந்தவன் என்றால் இன்னும் பலமாக அடிக்கும். அந்த நோயில் மனச்சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால் சிலருக்கு நிலைமை மறுபக்கம் எகிறிவிடக்கூடும். அதனால் அவனை அன்றே மனநல மருத்துவரிடம் சேர்ப்பது அவசியம். அதே போல, 'ரூம்ல எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசறாங்க' என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிப்போகும் ஒருவனை 'கூச்ச சுபாவம்' என்று விட்டுவிடக் கூடாது. மனச்சிதைவு நோய் பலருக்கு இந்த வயதில்தான் தலைகாட்டுகிறது. ரொனால்டு கெஸ்லர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வாழ்நாளில் மனநலக் கோளாறு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளும், நான்கில் மூன்று பங்கினருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கியிருந்தது. படிக்கும் வயதும் நோய் தொடங்கும் வயதும் ஒன்றாக இருக்கும்போது, மாணவர் ஆலோசனையைப் 'பரீட்சை டிப்ஸ் சொல்லும் இடம்' என்று நினைப்பது பெரிய தவறு.

ஆனால் அதே பின்னணி ஒரு தொல்லையையும் கூட்டி வரும். வார்டிலிருந்து நேராக வந்தவருக்கு முதல் சில வாரங்கள் எல்லாமே நோயாகத் தெரியும். காதல் முறிந்து பத்து நாளாக அழுகிறவளுக்கு நோயின் பெயர் தேவையில்லை. அழுவதற்கு ஓர் இடமும் அதைக் கேட்க ஒருவரும் வேண்டும். பெயர் ஒட்டாமல் இருக்கக் கற்பதும் பாடம்தான். இந்த மையத்தில் அதைக் கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஒன்பதாவது கேள்வி

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் புழங்கும் படிவம் ஒன்று இருக்கிறது, பி.எச்.க்யூ-9 என்று. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனமாகப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு வரும்போது அறை மாறிவிடும். செத்துவிட்டால் தேவலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்பது அந்தக் கேள்வி.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். படிவத்தில் அந்தக் கட்டத்தில் ஏதோ டிக் இருப்பதைப் பார்த்ததும், "தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியின் உள்ளேயே பதில் இருக்கிறது. 'இல்லை' என்று சொல்லுமாறு கெஞ்சுகிற கேள்வி அது. மாணவியும் கேட்பவரின் பயத்தைப் புரிந்துகொண்டு, "இல்ல, சும்மாதான் போட்டேன்" என்பாள். ஒரு கதவு சாத்திக்கொள்ளும். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க வைப்பார்கள்: "சாகணும்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? இன்னைக்கு அந்த எண்ணம் இருக்கா?" குரல் நடுங்காமல், அவசரப்படாமல், பதிலுக்காகக் காத்திருந்து.

நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. மடலின் கூல்டு குழுவினர் நியூயார்க்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. தற்கொலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. கேட்ட பிறகு செய்ய வேண்டியது தெளிவான வேலை. அந்த எண்ணம் தலைதூக்கும் முன் என்ன அறிகுறி தெரிகிறது, தனியாக என்ன செய்து சமாளிக்கலாம், யாரை அழைக்கலாம், ஆபத்தான பொருட்களை யார் எடுத்து வைப்பது என்று அவள் சொல்லச் சொல்லத் தாளில் எழுதி, அந்தத் தாளை அவளிடமே கொடுப்பது. அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்வது. இந்த இடத்தில் பயிற்சி உளவியலாளர் தனியாக முடிவெடுப்பதே கிடையாது. (இதைப் படிக்கும் ஒருவருக்கு இப்போது அந்த எண்ணம் இருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். அவசர உதவியை அழையுங்கள்.)

அனுபவம் என்ன சொல்கிறது

சரி, இத்தனை இருந்தும் அனுபவம் குறைவுதானே? இதற்கு ஆய்வுகள் தரும் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1979-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்ட்ரப்பும் சூசன் ஹாட்லியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வும் பதற்றமும் கொண்ட கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரை அனுபவம் வாய்ந்த சிகிச்சையாளர்களிடமும், இன்னொரு பகுதியினரை உளவியல் பயிற்சியே இல்லாத, ஆனால் மாணவர்களிடம் பிரியமாகப் பேசக்கூடிய பேராசிரியர்களிடமும் அனுப்பினார்கள். சராசரியாகப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். சைமன் கோல்ட்பெர்க் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. 170 சிகிச்சையாளர்கள், அவர்களிடம் வந்த 6,591 பேர். ஆண்டுகள் கூடக்கூட, பாதியில் விட்டுப்போகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் வந்தவர்கள் அடையும் பலன் சராசரியாகக் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறையவே செய்தது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ படிப்பே வேண்டாமா' என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். வாண்டர்பில்ட் மாணவர்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மூன்று நாள் தூங்காமல் ஐடியா கொட்டும் மாணவனைப் பிரியமான பேராசிரியரிடம் விட முடியாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. வருடங்கள் தானாக ஒருவரைத் தேர்ந்தவராக ஆக்கிவிடுவதில்லை. ஏன் என்பதற்கு மைக்கேல் லாம்பர்ட்டின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு துப்பு கிடைக்கிறது. உங்களிடம் வருபவர்களில் யாருக்கு நிலைமை மோசமாகப் போகிறது என்று சிகிச்சையாளர்களிடம் கேட்டார்கள். 550 பேரில் 3 பேரைக் குறித்தார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். குறித்த மூவரில் சரியாக இருந்தது ஒருவர் மட்டும். நல்ல மனதோடு, முழு அக்கறையோடு வேலை செய்பவரின் கண்ணுக்கும் தன் அறையில் நடப்பது முழுதாகத் தெரிவதில்லை. அதனால்தான் இன்னொரு கண் வேண்டும்.

இரண்டாவது கண்

கார்ல் ராஜர்ஸ் 1940-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். 1942-இல் வந்த தன் நூலில் ஒருவருடனான எல்லா உரையாடல்களையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதற்கு முன் மேற்பார்வையாளருக்குத் தெரிந்ததெல்லாம் சிகிச்சையாளர் நினைவில் வைத்துச் சொன்னது மட்டுமே. நினைவு நமக்குச் சாதகமாகவே வேலை செய்யும். ஒலிப்பதிவுக்கு அந்தப் பாசம் கிடையாது.

இன்றைக்கு மேற்பார்வை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியாகச் சொல்கிறேன். மாணவியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு பதிவு செய்த செஷன் ஓடுகிறது. பயிற்சி உளவியலாளர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் மாணவி குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு இது தெரியாது" என்கிறாள். உடனே அடுத்த கேள்வி: "பசி எப்படி இருக்கு?" மேற்பார்வையாளர் பதிவை நிறுத்துகிறார்.

"இங்க அவ என்ன சொன்னா?"

"அப்பாவுக்குத் தெரியாதுன்னு."

"எது தெரியாது?"

பதில் இல்லை. கேட்கவே இல்லையே.

"ஏன் தாண்டிப் போனீங்க?"

கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டா பெருசா ஏதாவது வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு மேடம்" என்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தவற்றில் மிக உபயோகமானது அந்தப் பதில். அடுத்த வாரம் அவர் மாணவியிடம், "போன தடவை அப்பாவைப் பத்தி ஒண்ணு சொன்னீங்க, நான் அதைக் கேட்காம விட்டுட்டேன்" என்று ஆரம்பிப்பார். பத்து வருடம் தனியாக வேலை செய்பவருக்கு இப்படிப் பதிவை நிறுத்திக் கேட்க யாரும் இல்லாமல் போகலாம். பயிற்சியில் இருப்பவருக்கு இது வாராவாரம் நடக்கும்.

அப்படியானால் நான் சொன்னது இன்னொருவர் காதுக்கும் போகிறதே? போகிறது, அதை முதல் சந்திப்பிலேயே சொல்லியாக வேண்டும். மேற்பார்வையாளரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். பெற்றோரோ, துறைத் தலைவரோ, வார்டனோ வந்து "அவன் என்னதான் சொல்றான்?" என்று கேட்டால் சொல்வதில்லை, சட்டப்படி வயது நிரம்பாதவர்கள் விஷயத்தில் மட்டும் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற ஆணை போன்றவை விலக்கு. இந்த விலக்குக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் டராசாஃப் வழக்கே ஒரு பல்கலைக்கழக மாணவர் சேவையிலிருந்து கிளம்பியதுதான். 1969-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு மாணவர் தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலருக்குத் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது.

பயிற்சி உளவியலாளரிடம் ஒரு மாணவர் தயங்காமல் கேட்கலாம்: உங்கள் மேற்பார்வையாளர் யார்? எவ்வளவு நாளுக்கு ஒரு முறை என் விஷயத்தைப் பேசுவீர்கள்? நீங்கள் இங்கே எப்போது வரை இருப்பீர்கள்? முதல் கேள்விக்கே மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

மூன்றாவது கேள்விதான் உண்மையிலேயே வலிக்கும் இடம். பணிக்காலம் சில மாதங்களில் முடிந்துவிடும். கஷ்டப்பட்டு ஒருவரிடம் பேசப் பழகிய பிறகு அவர் போய்விடுகிறார். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே திரும்பி வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த முறையின் நிஜமான குறை இது. பூசி மெழுக நான் விரும்பவில்லை. செய்யக்கூடியது, முடிவை முன்பே சொல்லி வைப்பதும் கைமாற்றுவதை ஒழுங்காகச் செய்வதும்தான். கடைசி செஷனுக்கு முந்தையதில், அடுத்து வருபவருக்காக எழுதிய குறிப்பை மாணவியிடமே காட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இரண்டு பக்கம் இருக்கும். அவள் நிதானமாகப் படிக்கிறாள். ஒரு வரியில் விரல் வைத்து, "இதை மட்டும் எடுத்துடுங்க. இதை அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்கிறாள். பயிற்சி உளவியலாளர் பேனாவை எடுத்து அவள் முன்னாலேயே அந்த வரியை அடிக்கிறார்.